நாலாவது விளக்கு

பைலட்டம்மா என்று அவளை முதலில் கூப்பிட்டது கேலிக்காகத்தான். அவள் அந்தக் கம்பெனியில் பில் அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தவள். கிடங்குக் கூரை, உயரமான தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம் என்று ஆள் ஏறிப் பார்க்கச் சிரமமான இடங்களில் ட்ரோனை விட்டுப் படமெடுத்து, எங்கே விரிசல், எங்கே துரு என்று சொல்வது அந்தக் கம்பெனியின் தொழில். ஒருநாள் ட்ரோன் ஓட்டுகிறவன் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட்டான். வேலை கொடுத்த வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார், முதலாளி கையைப் பிசைகிறார். மதிய இடைவேளையில் அவனிடம் கெஞ்சிக் கூத்தாடி ரிமோட்டைப் பிடித்துப் பழகியிருந்தவள், "நான் வேணா ஓட்டிப் பாக்கட்டுமா சார்?" என்று எழுந்தாள். ஓட்டினாள். நன்றாகவே ஓட்டினாள். பிறகு பயிற்சிக்குப் போய் உரிமமும் வாங்கிவிட்டாள். கேலிக்கு வைத்த பேர் உத்தியோகப் பேராகி, இப்போது முதலாளியே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அந்த வேலை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் புரியாது. பில் அடித்த காலத்தில் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள். இப்போது காலையில் ஷூ மாட்டிக்கொண்டு, பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போதே முகம் வேறாக இருக்கும். "சம்பளம் குடுக்கலேன்னாகூடப் போவா போல இருக்கு" என்று அவள் புருஷன் கிண்டல் செய்வான். அவன் அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவன். நல்லவன். சண்டை என்றால் மட்டும் மின்விசிறியை அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிடுவான், அதுதான் அவனிடம் உள்ள கோளாறு.

இப்படிப் பிடித்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. பைலட்டம்மாவின் ட்ரோன் இரண்டு முறை பாதி வேலையில் தானாக இறங்கிவிட்டது. திரையில் பேட்டரி நாற்பது சதவீதம் என்று காட்டும். அடுத்த நிமிஷம் சரசரவென்று இறங்கி, பத்து என்று சிவப்பில் மின்னும். அப்புறம் யார் சொல்லியும் கேட்காமல் இருந்த இடத்திலேயே அது இறங்க ஆரம்பித்துவிடும். முதல் முறை ஒரு கிடங்கின் தகரக் கூரையில் உட்கார்ந்துகொண்டது. ஏணி தேடி, ஆள் தேடி, அதை இறக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டாவது முறை சாக்கடைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து பிழைத்தது. முதலாளி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ரிமோட்டை என் மச்சான்கிட்ட குடுத்துடுவேன், நீங்க பழையபடி பில்லைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். அவர் மச்சான் என்பவன் ஆபீஸில் சும்மா உட்கார்ந்து தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருக்கிற பையன்தான். வீடியோ கேமில் ஹெலிகாப்டர் ஓட்டத் தெரியுமாம்.

ட்ரோனில் கோளாறு இல்லை, அவள் கையிலும் கோளாறு இல்லை. கோளாறு பேட்டரியில். அந்தக் கோளாறு எங்கிருந்து வந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். வயிறு எரிந்ததே அதனால்தான். தெரியாத வியாதி என்றால் நாலு பேரிடம் சொல்லிப் புலம்பலாம். இது அவள் வீட்டுக் கூடத்தில், சாய்வு நாற்காலியில், மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தது.

அவள் மாமனாரைத் தெருவில் எல்லோரும் எக்ஸ்சேஞ்ச்காரர் என்பார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி அறையைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். ஓர் அறை நிறைய வரிசை வரிசையாக ஆளுயரத்துக்குப் பேட்டரிகள். கரண்ட் போனாலும் ஊரில் ஒரு போனும் சாகக்கூடாது. அதனால் அவை எந்நேரமும் முழுசாக நிரம்பியிருக்க வேண்டும், ஒரு சொட்டுக் குறைந்தாலும் உடனே ஏற்ற வேண்டும். அவை ஈயப் பேட்டரிகள். குறையாய்ப் போட்டால் உள்ளே தட்டுகளில் வெள்ளை படிந்து செத்துப்போகும். ஆகவே மனிதர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது அவரை. ஓய்வு பெற்ற பிறகும் கை மட்டும் ஓய்வு பெறவில்லை, அதுதான் தொல்லை.

பேட்டரிகள் ஏன் வீட்டுக்கு வந்தன என்று கேட்டால், அது அவளே கேட்டு வாங்கிய வம்பு. கம்பெனி ஆபீஸ் தகரக் கொட்டகை. மத்தியானம் உள்ளே நின்றால் ஆளே வெந்துவிடுவான். இந்த லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. "எங்க வீட்டுல வெச்சுக்கறேன் சார், தரை ஜில்லுனு இருக்கும்" என்று இவளே சொல்லிப் பெட்டியைத் தூக்கிவந்தாள். வந்த அன்றே பின்பக்கம் ஒரு வாளி நிறைய மணல் கொட்டிவைத்தாள். துணி, பேப்பர், மெத்தை எதுவும் பக்கத்தில் இல்லாத மூலையில், வெறுந்தரையில் சார்ஜருக்கு இடம் ஒதுக்கினாள். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், வேலை முடிந்து வந்த சூட்டோடு ஏற்றக்கூடாது, ஆறவிட்டு ஏற்ற வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, நாளைக்கு வேலை இல்லை என்றால் பாதியில் நிறுத்திவைக்க வேண்டும். ஒவ்வொரு பேட்டரியின் முதுகிலும் ஒரு பொத்தானும் நாலு சின்ன விளக்குகளும் உண்டு. அமுக்கினால் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். இரண்டு விளக்கில் வைத்தால் நல்லது, நாலு விளக்கில் நாள் கணக்காகக் கிடந்தால் உள்ளேயே வெந்து ஊதிப்போகும். இதெல்லாம் அவள் பயிற்சியில் படித்தது, பட்டும் தெரிந்துகொண்டது.

அவள் இரண்டு விளக்கில் வைத்துவிட்டுப் படுப்பாள். காலையில் பார்த்தால் நாலு விளக்கும் ஜெகஜ்ஜோதியாக எரியும்.

"மாமா, நீங்க ஏத்தினீங்களா?"

"பாதியில கெடந்துதும்மா. பாவம் மறந்துட்ட போலிருக்குன்னு நெனச்சேன்."

"மறக்கல மாமா. வேணும்னுதான் வெச்சேன். இது ஈயம் இல்ல, லித்தியம். முழுசா வெச்சா கெட்டுப்போகும்."

"பேட்டரின்னா பேட்டரிதானேம்மா."

"வயிறு முட்ட சாப்பிட்டுட்டு அப்படியே நாலு நாள் படுத்துக் கெடந்தா எப்படி இருக்கும் மாமா? அந்த மாதிரிதான்."

"அரை வயித்தோட படுத்தா மட்டும் தூக்கம் வருமா?" என்றார் அவர். ரொம்பச் சாந்தமாகச் சொன்னார். சண்டை போடுகிற மனுஷராக இருந்தாலாவது பதிலுக்குச் சண்டை போடலாம். இவர் தலையை ஆட்டுவார், "சரிம்மா, நீ சொன்னா சரி" என்பார், அவள் குளிக்கப் போனதும் போய்ச் சொருகிவிடுவார்.

இன்னொரு கூத்தும் உண்டு. அந்தப் பேட்டரிக்கே கொஞ்சம் புத்தி வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். சில நாள் முழுசாகச் சும்மா கிடந்தால், அதுவாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொள்ளும். அப்போது லேசாக வெதுவெதுப்பாக இருக்கும். எக்ஸ்சேஞ்ச்காரர் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "எங்கேயோ லீக் ஆவுது, தானா குறையுது" என்று உடனே திரும்ப ஏற்றினார். அது பிழைத்தால் போதும் என்று இறக்கும், இவர் விடமாட்டேன் என்று ஏற்றுவார். இப்படியே மல்லுக்கட்டி வாரங்கள் ஓடின. கேட்கிற நமக்கே தலை சுற்றுகிறது, கூட இருந்தவள் பாடு எப்படி இருக்கும்.

சார்ஜரை ஒளித்துவைத்துப் பார்த்தாள். புடவைக்கடியில் வைத்தாள், அரிசி டின்னுக்குள் வைத்தாள். மண்ணுக்கடியில் போகிற கேபிளில் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று மேலே நின்றே சொன்னவர்களோடு காலம் தள்ளிய மனுஷர், டப்பாவுக்குள் இருக்கிற சார்ஜரையா கண்டுபிடிக்க மாட்டார்? ஆபீஸிலேயே விட்டுவிட்டு வந்தும் பார்த்தாள். ஆனால் வேலைக்குப் போகிற அன்று விடிகாலையில் முழுசாக ஏற்றிக்கொண்டு நேரே இடத்துக்குப் போக வேண்டும். அதற்குச் சார்ஜர் வீட்டில் இருந்தாக வேண்டும்.

புருஷனிடம் சொன்னாள். "உங்கப்பா என் பொழப்புல மண்ணப் போடறார்."

"நல்லதுன்னு நெனச்சுதான் செய்யறார். உனக்கும் வேலை மிச்சம்தானே?"

"என்ன மிச்சம்? என் வேலையே மிச்சம் இல்லாம போகப்போகுது."

"கத்தாத. உள்ள இருக்கார். காதுல விழுந்தா மனசு ஒடிஞ்சு போயிடுவார்" என்று அவன் மின்விசிறியைப் பார்த்தான். அது சுற்றக்கூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் துணி தேய்க்க இஸ்திரிப் பெட்டியைத் தேடினாள். அலமாரியில் இல்லை. மாமனார் கட்டிலுக்குக் கீழே இருந்தது. நல்லவேளை, ஆறிப்போய்த்தான் இருந்தது. அதற்குக் கீழே ஒரு துண்டு, துண்டுக்குக் கீழே ஒரு பேட்டரி, வயிறு உப்பி, ஓடு விரிந்து கிடந்தது.

"லேசா பூரிச்சிருந்துச்சு. வெயிட்டு வெச்சா அமுங்கிடும்னு பாத்தேன். அமுங்கலேன்னா ஊசியால ஒரு சின்ன ஓட்டை போட்டு காத்தை எடுத்துடலாம்" என்றார் மாமனார், பக்கத்தில் குனிந்து.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை ஒரு தட்டில் ஏந்தி, குழந்தையைத் தூக்கிப்போகிற மாதிரி கொல்லைக்குக் கொண்டுபோய் மணல் வாளியில் புதைத்தாள். கை கழுவிவிட்டு வந்துதான் வாய் திறந்தாள்.

"மாமா. அதுல ஊசி பட்டிருந்தா, நீங்க படுத்திருக்கிற கட்டில், மெத்தை, நீங்க, எல்லாம் சேந்து எரிஞ்சிருக்கும். தண்ணி ஊத்தினாலும் சட்டுனு அணையாது. புரியுதா உங்களுக்கு?"

அவர் மலங்க மலங்க விழித்தார். "எங்க பேட்டரி அறையில ஒருநாள்கூட தீப்பிடிச்சதில்லம்மா" என்றார். அன்று அவள் சாப்பிடவில்லை.

மீதிப் பேட்டரிகளில் இன்னும் ஒன்று லேசாக உப்பியிருந்தது. அதையும் மணலுக்கே அனுப்பினாள். உப்பாத இரண்டை வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனாள். பார்வைக்குத்தான் அவை நன்றாக இருந்தன. உள்ளே ஏற்கெனவே நொந்துபோயிருக்கின்றன என்பது ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பறக்கும்போது தெரிந்தது. ஐம்பது காட்டியது, பிறகு பதினைந்து காட்டியது, ட்ரோன் தொட்டியின் விளிம்பில் மோதி, ஒரு கால் ஒடிந்து, படிக்கட்டில் விழுந்தது. மூன்றாவது முறை. அவள் ரிமோட்டைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலாளி போனில் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நாளைக்கு நானே வீட்டுக்கு வர்றேன். எல்லா பேட்டரியும் எடுத்துவைங்க. மச்சானும் வருவான், ரிமோட்டை அவன்கிட்ட குடுத்துடுங்க" என்றார், அவ்வளவுதான்.

அன்று வீட்டில் அவள் புருஷனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நாளைக்கு நான் உண்மையைச் சொல்லிடவா?"

அவன் இந்த முறை மின்விசிறியைப் பார்க்கவில்லை. "சொல்லு. உன் வேலை. ஆனா அப்பா எதிர்லயே, வெளியாள் முன்னாடி சொல்லாத" என்றான். கெஞ்சுகிற குரல்.

வெளியாள் முன்னாடி இல்லாமல் வேறு எப்போது சொல்வது? அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தனக்காக ஒரு வார்த்தை பேசக்கூட அவரவர் மனசைப் பார்த்து, நேரம் பார்த்து, இடம் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறதே என்று நினைத்தாள். அழுகையும் வந்தது. அழுதாள்.

மறுநாள் முதலாளி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மச்சான் தொப்பியோடு கதவோரம் நின்றான். பைலட்டம்மா மணல் வாளியைக் கொல்லை வாசல் வரை கொண்டுவந்து வைத்து, உப்பிய பேட்டரிகளைத் தூர நின்றே காட்டினாள். எக்ஸ்சேஞ்ச்காரர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். விருந்தாளி வந்திருக்கிறார் என்ற மரியாதை.

"இதுக்குக் காரணம் என்னன்னு எனக்குத் தெரியும்" என்றார் முதலாளி. "நீங்கதான் ஆபீஸ்ல எல்லாருக்கும் பாடம் எடுத்தீங்க. பாதியில வெக்கணும், ரெண்டு விளக்குல வெக்கணும்னு. அப்பவே எனக்கு ஒப்பல. பாதியில போட்டுப் போட்டுத்தான் இதுங்க செத்துப்போச்சு. என் போனையே நான் எப்பவும் நூறுலதான் வெச்சிருக்கேன்."

"அதத்தான் சார் நானும் தலையால அடிச்சுக்கறேன்" என்றார் எக்ஸ்சேஞ்ச்காரர்.

"பாருங்க, பெரியவருக்கே தெரியுது."

புருஷன் அண்ணாந்து பார்த்தான். பைலட்டம்மாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. இவர்தான் சார், இதோ உக்காந்திருக்காரே, இவர்தான். அஞ்சே வார்த்தை சொன்னால் வேலை பிழைக்கும். பல்லைக் கடித்துக்கொண்டாள். உள்ளே போய் ரிமோட்டை எடுத்து, முந்தானையால் திரையை ஒருமுறை துடைத்து, கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். மச்சான் கையை நீட்டினான்.

"ஒரு நிமிஷம்" என்றார் எக்ஸ்சேஞ்ச்காரர்.

அவர் மணல் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"பாதியில வெச்சதாலதான் ஊதிச்சுன்னு சொல்றீங்களா சார்?"

"ஆமா, அதான் சொல்றேனே."

"அப்படின்னா இதுங்க பாதியில இருந்திருக்கணுமே."

"இருந்துதுதானே?"

"இல்லியே சார்." அவர் கோளாறு அறிக்கை வாசிக்கிற குரலில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "இந்த வீட்டுக்கு வந்ததிலேருந்து இதுங்க ஒரு நாள்கூட பாதியில இருந்ததில்ல. நான் இருக்க விடல. அவ இறக்கி வெப்பா, நான் ஏத்தி வெப்பேன். அதுங்களா குறைஞ்சாலும் ஏத்தி வெப்பேன். வேணாம்னு நூறு தடவை சொன்னா. சரிம்மான்னு சொல்லிட்டு ஏத்தினேன். எப்பவும் முழுசா இருக்கறதுதான் நல்லதுன்னா, இதுங்க ஜம்முனு இருக்கணும். இப்படிக் கெடக்குதே." கொஞ்சம் மூச்சு வாங்கியது. "அவ சொன்னபடி ஒருநாள்கூட வெச்சுப் பாக்கவே இல்ல சார். அப்புறம் அவ சொன்னதுல தப்புன்னு எப்படிச் சொல்றது? தப்பு என் கையில இருக்கு."

முதலாளி வாளியைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், தன் சட்டைப் பையில் நூறு சதவீதத்தில் இருக்கிற போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தான் தோற்றதை ஒப்புக்கொள்ளாமல் எப்படி எழுந்து போவது என்று யோசிக்கிற முகம். கடைசியில் ரிமோட்டை மேஜையில் அவள் பக்கமாகத் தள்ளினார்.

"ஒடிஞ்ச காலை மாத்தி ட்ரோனை ரெடி பண்ணுங்க. புது பேட்டரி வரவழைக்கிறேன்" என்றார். "ஆனா பெரியவர் இனிமே சார்ஜரைத் தொடக்கூடாது."

"தொடமாட்டேன் சார்" என்றார் எக்ஸ்சேஞ்ச்காரர்.

அவர்கள் போன பிறகு அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டாளா என்றால் இல்லை. வேலை கையில் நின்றுவிட்டது, ஆனால் மாதக்கணக்காக விழுங்கிய கோபம் முழுக்க உள்ளேயே இருந்தது. "இத மொதல்லயே யோசிச்சிருந்தா நாலு பேட்டரியும் பொழச்சிருக்குமே மாமா" என்றாள்.

"யோசிச்சிருக்கலாம்" என்றார் அவர். தலை குனிந்திருந்தது. "நீ சொன்னத நான் காதுலதான்மா வாங்கினேன், மனசுல வாங்கல."

புதுப் பேட்டரிகள் வந்தன. அவள் இரண்டு விளக்கில் வைத்தாள். காலையில் பார்த்தால் இரண்டு விளக்குதான். அந்த மூலைப் பக்கமே அவர் போகவில்லை, நாற்காலியைக்கூட எதிர்ச் சுவரோரம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பேச்சும் குறைந்துவிட்டது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டிய வீட்டில் என்னவோ ஒரு பாரம். அதற்கும் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. செய்தாலும் தொல்லை, சும்மா இருந்தாலும் தொல்லையா என்று.

பிறகு ஒருநாள் ஒரு செல்போன் கோபுரத்தின் கீழே நின்று ட்ரோனை மேலே ஏற்றியிருந்தாள். பையில் போன் அதிர்ந்தது. எடுக்க முடியாது. மறுபடி அதிர்ந்தது, மறுபடியும். திரையில் பேட்டரி ஒழுங்காக, படிப்படியாக இறங்கியது, ட்ரோன் சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றது. முப்பதில் ட்ரோனைத் தரையிறக்கிவிட்டுப் போனை எடுத்தால், வரிசையாக மாமனாரின் அழைப்புகள். அவருக்குச் சும்மா போன் பண்ணுகிற பழக்கமே கிடையாது. வீட்டில் இரண்டு பேட்டரி இருந்தன. தீயா, புகையா, அவருக்கு என்ன ஆயிற்றோ என்று உடனே அழைத்தாள்.

"மாமா, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா" என்றார். "பட்டனை மட்டும் அமுக்கிப் பாத்தேன். ரெண்டு விளக்குதான் எரியுது."

"ரெண்டுதான் மாமா எரியணும்."

"தெரியும்மா. தெரிஞ்சுதான் இருக்கு. ஆனா காலையிலேருந்து மனசே கேக்கல. கை துறுதுறுங்குது. நீ சீக்கிரம் வந்துடேன்."

அவள் ட்ரோன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

"சார்ஜர் எங்க மாமா இருக்கு?"

"என் மடியிலதான் இருக்கு" என்றார் எக்ஸ்சேஞ்ச்காரர். "சொருகலம்மா."